ஸ்டார்ட் ஆகாத பழைய காரைப் பத்திரமாக இழுத்துச் செல்ல: அறிகுறி வாரியாக வழிமுறை

வழியில் நின்றுபோன பழைய கார்களில் நான் பார்த்த பெரிய சேதங்கள் எல்லாம் கட்டி இழுத்தபோது நேர்ந்தவை. வளைந்த பம்பர், பிய்ந்து வந்த சேஸிஸ் முனை, எண்ணெய் எட்டாமல் தேய்ந்த கியர்பாக்ஸ், முன்வண்டியின் முதுகில் மோதி நசுங்கிய கிரில். அந்தக் கார்கள் நின்றதற்கான காரணத்தைத் தேடிப் பார்த்தால், தளர்ந்த ஒரு ஒயரோ, கருகிய ஒரு பாயிண்டோதான் (ஸ்பார்க்குக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இருக்கும். அரை மணி நேரப் பொறுமை இல்லாமல் கயிற்றைக் கையில் எடுத்ததன் விலை அது.

எனவே இந்த வழிமுறையை இரண்டு பாதியாக வைத்திருக்கிறேன். முதல் பாதி, இழுக்கவே தேவையில்லாமல் போகக்கூடிய அறிகுறிகள். இரண்டாம் பாதி, இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றானபின் பார்க்க வேண்டியவை. அவசரமாக இருப்பவர்கள் முதல் பாதியைத் தாண்டலாம். இரண்டாம் பாதியை யாரும் தாண்டக்கூடாது.

தொடங்குமுன் காரைச் சாலையின் ஓட்டத்திலிருந்து ஒதுக்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். பழைய ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு முன்னால் நிற்கவோ அடியில் போகவோ வேண்டாம். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் பேட்டரியைத் தொடாதீர்கள். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து, வாடை அடங்கியபிறகுதான் மற்றதெல்லாம்.

## முதல் பாதி: இழுப்பதற்கு முன்

### சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். விளக்கே எரியவில்லை அல்லது மங்கலாக எரிகிறது என்றால் முதலில் பேட்டரி டெர்மினல்கள். மேலே பளபளப்பாக இருக்கும் கிளாம்பின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். அடுத்தது எர்த் ஒயர், அதிலும் குறிப்பாக இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை. ரப்பர் மவுண்ட்டுகள் மேல் இன்ஜின் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் திரும்பும் வழி அடைபட்டுவிடும். சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ தொட்டால் சுடுகிறது என்றால், கரண்ட் அதன் வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று பொருள்.

மீட்டர் இருந்தால் அளந்துகொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 காட்ட வேண்டும்; 6 வோல்ட் பேட்டரி 6.3. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது.

வேறொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கப் போகிறீர்களா? இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் கேபிளை மாட்டாதீர்கள். முதலாவது, இது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1960-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில்தான் வந்தது. இரண்டாவது, எர்த் எந்த முனையில் என்பது. 1960-களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட காருக்குக் கரண்ட் கொடுக்கும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்ற விதி மாறாது. ஆனால் இரண்டு வண்டிகளின் பம்பரோ பாடியோ ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். இழுக்கும் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும் வேளையில் இதைச் செய்வது பெரும் ஆபத்து.

விளக்கு பிரகாசமாக எரிகிறது, ஆனாலும் செல்ஃப் மௌனம் என்றால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் மின்காந்தச் சுவிட்ச்), அல்லது சாவி சுவிட்ச். கையால் அழுத்தும் பொத்தான் சாலினாய்டிலேயே இருக்கும் கார்களில் அதை அழுத்திப் பாருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் அது ஆகாது.

### ‘டக்’ என்று ஒரு தட்டல், அதோடு சரி

பெரும்பாலும் இதுவும் பேட்டரியும் டெர்மினலும்தான். அவை நன்றாக இருந்தால், செல்ஃப் மோட்டாரின் சிறிய பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கிக்கொண்டிருக்கலாம். பழைய வகை மோட்டார்களில் இது அடிக்கடி நடக்கும். மோட்டாரின் வெளிமுனையில் ஒரு சிறிய மூடி. அதைத் தட்டி எடுத்தால் சதுர வடிவில் ஷாஃப்ட் நுனி தெரியும். ஸ்பேனரை அதில் மாட்டிச் சுற்றினால் ‘டிக்’ என்று விடுபடும் உணர்வு கைக்கே தெரியும். மூடியோ சதுர நுனியோ இல்லாத மோட்டார் என்றால், சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

### செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றவில்லை

ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான். ஸ்பார்க்கை முதலில் பாருங்கள், ஆனால் பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டி, இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். காப்பிட்ட குறடால் பிடியுங்கள். நீலமாகச் சுளீரென்று தெறித்தால் நல்லது. மஞ்சளாக நூல் போல வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்க வேண்டும்.

உள்ளே ஈரமா? துடையுங்கள். மூடியின் நடுவிலிருக்கும் கார்பன் முனை இருக்கிறதா? முடிக்கோடு போன்ற விரிசல் ஓடுகிறதா? பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லை என்றால் தடித்த அட்டை ஒன்றை வைத்து வீடு போய்ச் சேரும் அளவுக்கு அமைத்துவிடலாம். பாயிண்ட் முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்து, சுத்தமான துணியால் துடையுங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது என்றால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டும் கண்டென்சரும் ஒரு டப்பாவில் அடங்கும், காரிலேயே வைத்திருங்கள்.

ஸ்பார்க் இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியே வைத்து, பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். பெடலைப் பம்ப் செய்யாதீர்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேங்கில் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பம்ப் வேலை செய்கிறதா என்ற வரிசையில் போங்கள். மின்சாரப் பம்ப் உள்ள காரில் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று கேட்டுப் பிறகு நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பம்பின் உடலில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தட்டலில் விடுபடும். ஓயாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது.

### நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சூடானதும் நின்றது

முதலில் கால் மணி நேரம் பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருந்தால் ஆறியதும் தானாகச் சரியாகும். பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி போட்டால் விரைவாகும். சூடானால் மட்டும் ஸ்பார்க் மறைந்து, ஆறினால் திரும்பி வருகிறது என்றால், ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலோ கண்டென்சரோதான் காரணம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

### இன்ஜின் சுற்றவே மறுக்கிறது

இந்த ஓர் அறிகுறியில் பொறுமைக்கு ஈடே கிடையாது. செல்ஃப் ஒரு இடத்தில் ‘டங்’ என்று முட்டி நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீரோ பெட்ரோலோ தேங்கியிருக்கலாம். திரவம் அமுங்காது, பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகள் அத்தனையையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்றுங்கள். துளை வழியே திரவம் பீறிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. பிளக் இல்லாமலும் சுற்றவில்லை என்றால் இன்ஜின் இறுகிவிட்டது. இழுத்து, கியரில் போட்டு, கிளட்சை விட்டுப் ‘பிடுங்கிவிடலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிச் செய்த ஒரு காரில் பிஸ்டனோடு சேர்ந்து பிளாக்கும் போயிற்று. நேராக மெக்கானிக்கிடம், காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரியில்.

முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உள்ள கார் என்றால் ஒரு வார்த்தை. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், கைப்பிடியைச் சுற்றிக் கவ்வாதீர்கள். கீழிருந்து மேலாக இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை தானாக விடுபட வேண்டும். கட்டை விரல் சுற்றிக் கவ்வியிருந்தால் முறிவது கட்டை விரல்தான்.

## இரண்டாம் பாதி: இழுத்துத்தான் ஆக வேண்டும்

கார் ஏன் நின்றது என்பது இனி முக்கியமில்லை. சக்கரம் உருள்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் திரும்புகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கயிறோ, அதைவிட நல்லதான இழுவைக் கம்பியோ போதும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் பிளாட்பெட் லாரி.

### சக்கரம் உருளவில்லை

கட்டைகளை எடுத்து, நியூட்ரலில், இருவர் தள்ளிப் பாருங்கள். நீண்ட நாள் நின்ற கார் என்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் ஆட்டி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும். டிரம்மைத் திறக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், காற்றாலும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. நனைத்துத் துடையுங்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பின்சக்கரங்கள் மட்டும் பிடிக்கும். அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்துங்கள்.

பெடலை அழுத்தி விட்டபிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே இருக்கிறது என்றால், பலர் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு: பிரேக் ரப்பர் ஹோஸ். வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே வீங்கியிருக்கும். காலின் அழுத்தத்துக்கு எண்ணெய் உள்ளே போய்விடும், திரும்பி வராது. சக்கரத்தின் ப்ளீட் நிப்பிளை (பிரேக்கிலிருந்து காற்றை எடுக்கும் சிறு திருகு) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் சிறிது வந்து சக்கரம் விடுபட்டால் வீல் சிலிண்டரில் குற்றமில்லை. நிப்பிளை இறுக்கி, பெடலை அழுத்தி மீண்டும் பிடிக்கவைத்து, இம்முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். இப்போதும் விடுபட்டால், பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேடுங்கள். விடுபடவில்லை என்றால் குற்றவாளி ஹோஸ்தான். எதுவானாலும், திறந்த பிரேக்கில் காற்று புகுந்திருக்கும். காற்றை எடுக்காமல் அந்தக் காரைக் கயிற்றில் கட்டக்கூடாது.

டயரையும் பாருங்கள். 2000-க்குப் பிறகு வந்த டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் என்றால் போன நூற்றாண்டின் டயர். ரப்பரில் வெடிப்பு ஓடியிருந்தால் காற்று நின்றாலும் சாலையில் உருட்ட வேண்டாம்.

### பிரேக் பெடல் இறங்குகிறது

இன்ஜின் நின்றதும் முதலில் கைவிடுவது, காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர். அது உள்ள கார்களில் இரண்டு மூன்று அழுத்தலுக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். இது பழுதில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே அந்தக் கடினத்தைக் காலுக்குப் பழக்கிக்கொள்ளாமல் புறப்படக்கூடாது.

பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடித்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. முதலில் தளர்ந்து ஆழமாக இறங்கி, சில அழுத்தலுக்குப் பிறகுதான் மேலே நின்று பிடிக்கிறது என்றால் ஷூ இடைவெளி கூடிவிட்டது, அல்லது உள்ளே காற்று. பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல அமிழ்ந்தால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர். பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒரு எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் உடைந்தால் எல்லாச் சக்கரமும் போயிற்று. ஆகையால் அமிழும் பெடலுக்கு ‘மெதுவாகப் போவோம்’ என்பது விடையாகாது. கயிற்றை மடித்து வைத்துவிட்டு லாரியை அழையுங்கள்.

### ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது, அல்லது சாவியை ‘ஆன்’ செய்துவைக்க வேண்டியிருக்கிறது

ஸ்டியரிங் பூட்டு உள்ள காரில் சாவியை எடுத்தால் பூட்டு விழும். இழுக்கும்போது சாவி உள்ளே, திரும்பிய நிலையில் இருக்க வேண்டும். இங்கேதான் பாயிண்ட் உள்ள கார்களுக்கே உரிய ஒரு கண்ணி. இன்ஜின் நின்றிருக்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால், சாவி ‘ஆன்’ ஆனதும் காயிலில் ஓயாமல் கரண்ட் பாயும். இழுத்து முடிப்பதற்குள் காயில் கையில் தொட முடியாதபடி கொதிக்கும்; சில சமயம் உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து வெளியே வரும். சின்னப் பழுதோடு புறப்பட்ட கார், போய்ச் சேரும்போது காயிலும் போய், பேட்டரியும் இறங்கியிருக்கும்.

சாவிக்கு ரேடியோ மட்டும் வேலை செய்யும் இடைநிலை இருந்தால், அதில் பூட்டு விடுபடுகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். ஒரு நிமிட வேலை.

ஸ்டியரிங் கனமாகத் திரும்பினால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் கிரீஸ் வறண்டிருக்கலாம். ஆடிக்கொண்டு திரும்பினால், சக்கரங்களைத் திருப்பும் தண்டான டை ராடின் முனைகளைச் சோதியுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் கயிறு வேண்டாம்.

### கியர்பாக்ஸ்: எவ்வளவு தூரம் உருட்டலாம்?

பின்சக்கர இழுவையும் (இன்ஜின் பின்சக்கரங்களைச் சுற்றுவது) மேனுவல் கியரும் உள்ள காரை நியூட்ரலில் உருட்டினால், கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டைச் சுற்றும். ஆனால் எண்ணெயை அள்ளித் தெளிக்கும் கீழ் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சும்மா நிற்கும். சுற்றுகிற பாகத்துக்கு எண்ணெய் எட்டாது. சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் தாங்கும். நீண்ட தூரம் என்றால் பின்பக்கத்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை விடுவியுங்கள். கழற்றும் முன் இரண்டு விளிம்புகளிலும் நேர்கோடாகப் பெயின்ட் தொட்டுவையுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் பிறகு அதிரும். ஷாஃப்டைக் கயிறால் மேலே கட்டுங்கள். முன்முனை கியர்பாக்ஸிலிருந்து நழுவிவந்தால் எண்ணெய் கொட்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இன்ஜின் சுற்றும் சக்கரங்கள் தரையைத் தொடவே கூடாது. இன்ஜின் ஓடினால்தான் அதன் எண்ணெய் பம்ப் ஓடும். சில பழைய பெட்டிகளில் பின்பக்கமும் ஒரு பம்ப் உண்டு. உங்கள் காரின் கையேட்டில் எழுதியிருந்தால் தவிர, இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். 1959-இல் வந்த மினி போன்ற முன்சக்கர இழுவைக் கார்களை முன்னால் தூக்கி இழுக்கலாம். 1955 முதல் 1975 வரை வந்த சித்ரோயன் டிஎஸ்ஸில் சஸ்பென்ஷனும் பிரேக்கும் இன்ஜின் ஓட்டும் பம்பின் அழுத்தத்தில் இயங்குகின்றன. நின்றால் வயிறு தரையோடு படிந்துவிடும். அதை லாரியில் மட்டும்தான் ஏற்ற வேண்டும், அதுவும் அந்தக் காரை அறிந்தவர் கையால்.

### கொக்கியை எங்கே மாட்டுவது?

பம்பர் அலங்காரம். டை ராடில் மாட்டினால் ஸ்டியரிங் கோணிவிடும். ஆன்டி ரோல் பார், ரேடியேட்டரைத் தாங்கும் தகடு, ஆயில் சம்ப் இவை எதிலும் கூடாது. இழுவை வளையம் இருந்தால் அது. இல்லையென்றால் சேஸிஸ் சட்டம், முன் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கி. இடது வலது இரண்டு பக்கமும் பட்டையைச் சுற்றி நடுவில் சேர்த்தால் பாரம் பங்காகும்.

மாட்டுமுன் அந்த இடத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு ஈரப் பலகை போல மந்தமாகப் பேசும். ஒருமுறை பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த ஒரு தாங்கியை இப்படித் தட்டினேன். மூன்றாவது தட்டலில் திருப்புளி உள்ளே போய்விட்டது. பெயின்டுக்கு அடியில் துருப்பொடியைத் தவிர ஒன்றுமில்லை. அதில் கட்டியிருந்தால் முதல் மேட்டிலேயே கழன்றிருக்கும்.

கயிறு நைலானாக, நான்கைந்து மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். இரும்புக் கம்பிக்கயிறு நீளாது. ஒவ்வொரு குலுக்கலும் நேராகச் சேஸிஸுக்குப் போகும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகையால் ஷேக்கிள் (திருகாணியோடு வரும் இரும்பு வளையம்) போடுங்கள். நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். வேகமும் தூரமும் உங்கள் ஊர்ச் சட்டப்படி.

### இழுத்துக்கொண்டிருக்கும்போது

கயிறு தொய்ந்து தொய்ந்து சுண்டுகிறது: பின்னால் இருப்பவர்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். அவருடைய வேலை பிரேக். முன்வண்டி வேகம் குறையும் முன்பே மெல்லத் தொட்டு, கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரில் அனுபவம் கூடியவர் பின்காரில் உட்காரட்டும். பேட்டரி செத்திருந்தால் ஹாரனும் பிரேக் விளக்கும் இருக்காது. கை சைகைகளை முன்பே பேசிவைத்து, பின்காருக்குத் தனி விளக்குப் பலகை கட்டுங்கள்.

கருகிய வாடை: உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது. இரண்டுக்குமே அங்கேயே பயணம் முடிகிறது.

அடியிலிருந்து ரீங்காரம் கூடிக்கொண்டே போகிறது: கியர்பாக்ஸ் அல்லது டிஃபரென்ஷியல். நிறுத்தி எண்ணெய் கசிவைப் பாருங்கள்.

இழுத்தபடியே ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். பற்றிய நொடியில் பின்கார் பாய்ந்து முன்வண்டியில் மோதும். பேட்டரி மட்டும்தான் குறை என்றால், கயிறு இல்லாமல், ஆட்கள் தள்ளி, இரண்டாம் கியரில் முயலுங்கள்.

### லாரியில் ஏற்றும்போது அடி உரசுகிறது

காரை மேலே இழுக்கும் வின்ச்சை நிறுத்துங்கள். சாய்தளத்தின் கீழ்முனையில் நீண்ட பலகைகளைப் போட்டுச் சரிவைக் குறையுங்கள். முதலில் இடிப்பது பெரும்பாலும் சைலன்சரின் வால் அல்லது முன் கீழ்த்தகடு. வின்ச் கம்பி இறுகியிருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. கம்பியின் நடுவில் கனமான சாக்கைப் போர்த்துங்கள். அறுந்தாலும் அதன் வீச்சு தணியும்.

மேலே ஏறியதும் சக்கரங்களைச் சுற்றிப் பட்டை கட்டச் சொல்லுங்கள். ஓட்டுநர் பாடியைக் கீழ்நோக்கி இறுக்கினால், போகும் வழியெல்லாம் பழைய ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்ஷும் அமுங்கியே வரும். வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, நான்கு பட்டைகளையும் கையால் இழுத்துப் பாருங்கள். முதல் சில குலுக்கலிலேயே கார் தன் இடத்தில் அமர்ந்துவிடும், பட்டை ஒரு விரற்கடை தளர்ந்திருக்கும்.